கைக்கணக்கு வேண்டாம்: வீட்டு நீச்சல் குளத்தில் குளோரினை அளந்து போடும் முறை

ஈசிஆர் பண்ணை வீடுகளிலும் கோவை, பொள்ளாச்சிப் பக்கத் தோட்ட வீடுகளிலும் நீச்சல் குளம் கட்டுவது இப்போது சகஜமாகிவிட்டது. கட்டிக் கொடுத்தவர் கிளம்பும்போது ஒரு பக்கெட் வெள்ளைத் தூளைக் கொடுத்து, "தினமும் சாயங்காலம் ரெண்டு கை போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். முதல் இரண்டு மாதம் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். மூன்றாவது மாதம் அதே இரண்டு கை போட்டும் ஓரங்களில் பச்சை படிய ஆரம்பிக்கும். நான்கு கை போட்டாலும் போகாது. தூள் குறைவாகப் போட்டதால் வரும் கோளாறு இல்லை இது. தண்ணீரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போட்டதால் வருவது. பார்த்துப் போட ஒரு டெஸ்ட் கிட்டும் எளிய பெருக்கல் கணக்கும் போதும்.

குளத்தில் எத்தனை லிட்டர்?

இது தெரியாமல் எந்த அளவும் சொல்ல முடியாது. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1000-ஆல் பெருக்குங்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு முனையில் 1 மீட்டரும் மறுமுனையில் 1.5 மீட்டரும் ஆழம் என்றால் சராசரி ஆழம் 1.25. ஆக 40,000 லிட்டர். ஆழத்தைத் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து எடுங்கள், குளத்தின் விளிம்பிலிருந்து அல்ல. அடிக்கணக்கில் அளந்தால் கன அடியை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். வளைந்து நெளிந்த வடிவமா? முதல் தடவை நிரப்பியபோது எத்தனை லோடு லாரித் தண்ணீர் இறங்கியது என்று கேட்டால் போதும்.

பிபிஎம் என்ற அளவைக் கண்டு மலைக்க வேண்டாம். 1000 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் குளோரின் இருந்தால் அது 1 பிபிஎம். நம் 40,000 லிட்டர் குளத்தில் 1 பிபிஎம் ஏற்ற 40 கிராம் சுத்தக் குளோரின் வேண்டும். இந்த எண்ணைப் பம்ப் ரூம் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். உங்களுக்கு இல்லையென்றாலும் தோட்டக்காரருக்கு உதவும்.

அளப்பது

கடையில் மலிவாகக் கிடைக்கும் கிட்டில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்றில் சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும், அது குளோரின். மற்றதில் சிவப்பு வரும், அது பிஎச், தண்ணீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று காட்டும் எண். இந்த மஞ்சள் சோதனை மொத்தக் குளோரினைத்தான் காட்டும். அதில் எவ்வளவு வேலை செய்யக்கூடியது, எவ்வளவு ஏற்கெனவே அழுக்கோடு சேர்ந்து செத்துப் போனது என்று பிரித்துக் காட்டாது. கொஞ்சம் கூடச் செலவழித்து டிபிடி கிட் வாங்குங்கள். அதில் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். டிபிடி 1 மாத்திரை ஃப்ரீ குளோரினை, அதாவது வேலை செய்யக்கூடிய பகுதியைக் காட்டும். அதே குழாயில் டிபிடி 3 மாத்திரையையும் போட்டால் மொத்தக் குளோரின் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கம்பைண்ட் குளோரின். எதற்கும் உதவாத இந்தப் பகுதிதான் கண்ணை எரிக்கும்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு முறை உண்டு. தண்ணீர் திரும்பி வந்து விழும் குழாய்க்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள். சோதனைக் குழாயைக் குளத்து நீரிலேயே இரண்டு முறை அலசி, கவிழ்த்துப் பிடித்தபடி முழங்கை ஆழத்துக்கு இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்புங்கள். கோடு வரை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டுங்கள். குலுக்கும்போது விரலால் வாயை அடைக்காதீர்கள், விரலில் இருக்கும் வியர்வையே அளவை மாற்றும். மூடி எதற்கு இருக்கிறது? பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, நிழலில் நின்று, உடனே படியுங்கள்.

டிபிடி ஒரு இடத்தில் ஏமாற்றும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் மாத்திரை கரையும்போது ஒரு நொடி ரோஸ் நிறம் மின்னி, அப்புறம் தண்ணீர் வெளுத்துவிடும். பார்ப்பவர் "குளோரினே இல்லை" என்று இன்னும் இரண்டு மக் ஊற்றுவார். சந்தேகம் வந்தால் பாதி குளத்து நீர், பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்து சோதித்து, வரும் எண்ணை இரண்டால் பெருக்குங்கள். இதற்குக் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர் உதவாது, அதிலேயே குளோரின் இருக்கும். பிஎச் சோதனையிலும் இதே கதைதான். குளோரின் எக்கச்சக்கமாக இருந்தால் சிவப்பு ஊதாவாக மாறும், அந்த அளவை நம்பக்கூடாது.

எந்த எண் சரி?

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லும் குறைந்தபட்ச அளவு, ஃப்ரீ குளோரின் 1 பிபிஎம். வெயிலில் குளோரின் வீணாகாமல் காக்கும் சயனூரிக் அமிலம் என்ற ஸ்டெபிலைசர் தண்ணீரில் இருந்தால் 2 பிபிஎம். இவை அடிமட்ட எல்லைகள். நம் வெயிலுக்கு மாலையில் 3 முதல் 4 வரை வைத்தால்தான் மறுநாள் மாலை வரை தாங்கும். கம்பைண்ட் குளோரின் 0.5-க்கு மேல் போகக்கூடாது. பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில், முடிந்தால் 7.4 பக்கத்தில்.

பிஎச் ஏன் குளோரின் கணக்கில் வருகிறது? தண்ணீரில் கரைந்த குளோரின் இரண்டு உருவில் இருக்கும். கிருமியைக் கொல்வது பெரும்பாலும் ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற உருவம்தான், மற்றது சோம்பேறி. ஸ்டெபிலைசர் இல்லாத நீரில் பிஎச் 7 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு வேலைக்காரன். 7.5 என்றால் பாதி. 8 என்றால் கால் பங்குகூட இல்லை. ஸ்டெபிலைசர் இருந்தால் இந்த வீழ்ச்சி இவ்வளவு செங்குத்தாக இருக்காது, ஆனால் திசை அதேதான். அதனால் முதலில் பிஎச், அப்புறம்தான் குளோரின்.

பிஎச்சை இறக்குவது

நம் ஊர் போர் தண்ணீரில் பிஎச் தானாக ஏறிக்கொண்டே போகும். காரணம் காரத்தன்மை (ஆல்கலினிட்டி), அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் போன்ற உப்புகளின் அளவு. கிட்டில் இதற்குத் தனிச் சொட்டுச் சோதனை இருக்கும், 80 முதல் 120 பிபிஎம் வரை இருப்பது நல்லது. இதைவிட மிக அதிகம் காட்டும் போர்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட நீரில் வாரத்துக்கு ஒரு முறையாவது ஆசிட் விட வேண்டியிருக்கும், அது கோளாறு அல்ல.

40,000 லிட்டருக்கு 30–33 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 250 மில்லியில் தொடங்குங்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பக்கெட்டில் முதலில் பாதி தண்ணீர், அதில் ஆசிட். ஆசிட்டின் மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். கையுறை, கண்ணாடி போட்டு, காற்று உங்கள் முகத்துக்கு எதிராக வீசாத பக்கம் நின்று, ஆழமான முனையில் திரும்பி வரும் நீரோட்டத்தில் மெல்ல ஊற்றுங்கள். மேல்மட்டத்து நீரை இழுக்கும் ஸ்கிம்மரில் ஊற்றினால் பம்ப்பின் உலோகப் பாகங்கள் அரிக்கும். நான்கு மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. போதவில்லை என்றால் இன்னொரு 250 மில்லி. ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்யும் அவசரம் யாருக்கும் இல்லை.

பிஎச் 7.2-க்குக் கீழே போயிருந்தால் சோடா ஆஷ். காரத்தன்மை மட்டும் குறைவு என்றால் ஆப்பச் சோடா. போர் தண்ணீர் குளங்களில் இவை அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

எந்தக் குளோரின் வாங்குவது?

நான்கு வகை எளிதில் கிடைக்கும். நம் குளத்தில் 1 பிபிஎம் ஏற்ற ஒவ்வொன்றிலும் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள்:

சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம், 10 சதவீதம்: 400 மில்லி
கால்சியம் ஹைப்போகுளோரைட், 65 சதவீதம்: சுமார் 60 கிராம்
டிசிசிஏ 90 (TCCA, ட்ரைகுளோரோஐசோசயனூரிக் அமிலம், 90 சதவீதம்) தூள் அல்லது மாத்திரை: சுமார் 45 கிராம்
ப்ளீச்சிங் பவுடர், 33 சதவீதம்: சுமார் 120 கிராம்

ப்ளீச்சிங் பவுடர் மலிவு, ஆனால் சுண்ணாம்பு நிறைய விடும். வேறு வழியே இல்லையென்றால் பக்கெட்டில் கரைத்துத் தெளியவிட்டு மேல் நீரை மட்டும் ஊற்றலாம். கால்சியம் ஹைப்போகுளோரைட் நல்ல சரக்கு, ஆனால் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் 7 பிபிஎம் கடினத்தன்மையைக் கூட்டும். ஏற்கெனவே டைல்ஸில் வெள்ளை வெள்ளையாகப் படியும் போர் தண்ணீருக்கு அது வேண்டாத சேர்மானம்.

கடைக்காரர்கள் பெரும்பாலும் கையில் திணிப்பது டிசிசிஏ 90. கட்டிக் கொடுத்தவர் விட்டுப்போன அந்த வெள்ளைத் தூளும் அநேகமாக இதுவேதான். எடுத்துப் போட எளிது, கெட்டுப் போகாது, பலமும் அதிகம். ஆனால் இது குளோரினை மட்டும் தருவதில்லை. ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினோடும் சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் குளத்தில் விட்டுவிடும். மூன்றாவது மாதத்துப் பச்சைக்குக் காரணம் இதுதான்.

கொஞ்சம் சயனூரிக் அமிலம் அவசியம். அது இல்லாத திறந்தவெளிக் குளத்தில் உச்சி வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினைத் தின்றுவிடும். 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் குளோரினுக்குக் குடை பிடித்தது போல. அதற்கு மேல் ஏற ஏற, குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்ய விடாது. குளம் பராமரிப்பவர்களிடையே ஒரு கணக்கு உண்டு: ஃப்ரீ குளோரின் எப்போதும் ஸ்டெபிலைசரில் 7.5 சதவீதமாவது இருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் 40 என்றால் 3 பிபிஎம் போதும். 100 என்றால் 7.5 பிபிஎம் வேண்டும்.

கோடையில் தினம் 2 பிபிஎம் டிசிசிஏ-யிலிருந்தே போடுகிறீர்கள் என்று வையுங்கள். மாதம் 60 பிபிஎம் குளோரின், கூடவே 36 பிபிஎம் சயனூரிக் அமிலம். குளோரின் தினம் செலவாகிவிடும், அமிலம் அப்படியே தங்கும். மூன்று மாதத்தில் 100-ஐத் தாண்டிவிடும். அதை இறக்க ஆசிட்டோ பவுடரோ உதவாது, தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவது ஒன்றே நடைமுறை வழி. 120-லிருந்து 40-க்கு இறக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 27,000 லிட்டர். மே மாதத்தில் லாரித் தண்ணீருக்குச் சொல்லிப் பாருங்கள், தூள் மலிவா என்பது அப்போது தெரியும்.

என் சிபாரிசு இதுதான்: தொடக்கத்தில் டிசிசிஏ போட்டு ஸ்டெபிலைசரை 30–40 வரை கொண்டுவாருங்கள். அப்புறம் அன்றாடத்துக்குத் திரவக் குளோரினுக்கு மாறிவிடுங்கள். ஸ்டெபிலைசரை மாதம் ஒரு முறை சோதித்தால் போதும். குளத்து நீரோடு அதற்கான சோதனை மருந்தைக் கலந்தால் மோர்த் தண்ணீர் போலக் கலங்கும். அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேலிருந்து பார்க்கும்போது புள்ளி எந்தக் கோட்டில் மறைகிறதோ அந்த எண்ணைப் படிக்க வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

திரவத்துக்கு ஒரே குறை, வெயிலில் வைத்தால் பலம் போய்விடும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி நிழலில் வையுங்கள். 2 பிபிஎம் ஏற வேண்டிய அளவு ஊற்றியும் 1 தான் ஏறுகிறது என்றால் கேன் பாதி பலத்தில் இருக்கிறது என்று அர்த்தம். குளம் அழுக்கா கேன் பழசா என்று குழம்பினால், வெயில் சாய்ந்த பிறகு ஊற்றி அரை மணியில் அளந்து பாருங்கள்.

அன்றாட வேலை

மாலையில் வெயில் இறங்கியதும் பம்ப்பைப் போடுங்கள். அளந்து பாருங்கள். 1 காட்டுகிறது, 3 வேண்டும் என்றால் வித்தியாசம் 2. இரண்டு நானூறு 800 மில்லி. நீர் திரும்பி வரும் இடத்தில் தணிவாக, தெறிக்காமல் ஊற்றுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி சோதித்து நோட்டில் குறியுங்கள்: தேதி, பிஎச், ஃப்ரீ, மொத்தம், போட்ட அளவு. முதல் மாதம் தினமும் செய்தால் உங்கள் குளம் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும் என்பது பிடிபடும். அப்புறம் கை தானாகப் பழகிவிடும், ஆனாலும் சோதனையை நிறுத்தாதீர்கள். ஆட்கள் குளிக்கும் நாளில் இறங்குவதற்கு முன் ஒரு தடவை பார்ப்பது கட்டாயம்.

குளோரின் எங்கோ காணாமல் போகிறது என்று தோன்றினால் ராத்திரிச் சோதனை செய்யுங்கள். இருட்டிய பிறகு போட்டு, கலந்ததும் அளங்கள். மறுநாள் வெயில் படும் முன் மறுபடி அளங்கள். இரவில் வெயில் இல்லை. எனவே 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீரில் ஏதோ தின்கிறது. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பாசி, அல்லது ஃபில்டரில் மக்கிக் கிடக்கும் இலை.

வாடையும் பச்சையும்

"வாடை தூக்குது, குளோரின் ஜாஸ்தி" என்பார்கள். பெரும்பாலும் நேர்மாறு. வியர்வை, சிறுநீர் இவற்றோடு சேர்ந்த கம்பைண்ட் குளோரின்தான் அந்த வாடையும் கண் எரிச்சலும். மருந்து இன்னும் குளோரின்தான், கம்பைண்ட் அளவைப் போல 10 மடங்கு. மொத்தம் 2.5, ஃப்ரீ 1.5 என்றால் கம்பைண்ட் 1. ஃப்ரீ குளோரினை 10 பிபிஎம்முக்கு ஏற்ற நம் குளத்துக்கு சுமார் மூன்றரை லிட்டர் திரவம். மாலையில் ஊற்றி, குளத்தை மூடாமல் விடுங்கள். 5-க்குக் கீழே இறங்கும் வரை யாரும் இறங்க வேண்டாம். அவசரம் என்றால் சோடியம் தயோசல்ஃபேட், புகைப்படக்காரர்கள் "ஹைப்போ" என்று சொல்லும் உப்பு, குளோரினை முறிக்கும். ஆனால் கை தவறினால் பூஜ்யமாக்கிவிடும், வெயிலிடம் விட்டுவிடுவதே மேல்.

இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். தலையில் எண்ணெயோடு நாலு பேர் குதித்தால் மறுநாள் டைல்ஸில் நீர்மட்டத்தில் பிசுபிசுவென்று ஒரு கோடு நிற்கும், குளோரினும் தரைமட்டமாகியிருக்கும்.

பச்சையாகிவிட்டால் முதலில் இலை, சேற்றை வாரி எடுங்கள். பிஎச் 7.2-க்கு. ஃப்ரீ குளோரின் ஸ்டெபிலைசரில் 40 சதவீதத்துக்கு. ஸ்டெபிலைசர் 40 என்றால் 16 பிபிஎம். பம்ப் இரவு பகலாக ஓடட்டும், சுவரைத் தினம் தேயுங்கள், ஃபில்டரின் அழுத்தமானி ஏறும்போதெல்லாம் பேக்வாஷ், அதாவது நீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு ஃபில்டரைக் கழுவுங்கள். குளோரின் இறங்க இறங்க ஏற்றிக்கொண்டே இருங்கள். தண்ணீர் தெளிந்து, கம்பைண்ட் 0.5-க்குள் வந்து, ராத்திரிச் சோதனையும் தேறினால் முடிந்தது. அடித்தளத்து வடிகால் மூடி கண்ணுக்குத் தெரியாத வரை குளத்தில் யாரையும் விடாதீர்கள். மூழ்கினால் பார்க்க முடியாது.

புதிதாக நிரப்பிய போர் தண்ணீர் குளோரின் பட்டதும் டீ நிறமானால் பயப்பட வேண்டாம். அது பாசி அல்ல, இரும்பு. ஃபில்டர் பிடிக்கும் வரை ஓடவிட்டு அடிக்கடி பேக்வாஷ் செய்யுங்கள்.

கண்டிப்பாகச் செய்யக்கூடாதவை

குளோரினும் ஆசிட்டும் ஒரே பக்கெட்டில், ஒரே மக்கில், ஒரே அலமாரியில் கூடாது. கலந்தால் விஷவாயு வரும். டிசிசிஏ-யும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் இரண்டுமே "குளோரின் தூள்" என்று சொல்லப்பட்டாலும் ஒன்றோடொன்று பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒவ்வொன்றுக்கும் தனி, உலர்ந்த கரண்டி. தூளின் மேல் தண்ணீர் விடாமல், தண்ணீரில் தூளைப் போடுங்கள். கரண்ட் இல்லாமல் பம்ப் நின்றிருக்கும்போது எதையும் ஊற்றாதீர்கள், அடியில் தேங்கி டைல்ஸ் இடுக்கை அரிக்கும்.

குழந்தை குளத்தில் மலம் கழித்துவிட்டால் எல்லோரையும் வெளியேற்றுங்கள். கெட்டியாக இருந்தால் வலையில் அள்ளிவிட்டு, பிஎச் 7.5-க்கு மிகாமல், ஃப்ரீ குளோரின் 2 பிபிஎம்மில் 25 நிமிடம் என்பது சிடிசி கணக்கு. வயிற்றுப்போக்கு என்றால் விஷயம் வேறு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சாதாரண குளோரின் அளவில் 10 நாளுக்கு மேல்கூடத் தாக்குப்பிடிக்கும். குளத்தை மூடிவிட்டு, தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

மழையும் ஊருக்குப் போவதும்

ஐப்பசி, கார்த்திகை மழை குளோரினைக் கரைத்துவிடும், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் அளக்க வேண்டும். அதே மழை ஸ்டெபிலைசரையும் கடினத்தன்மையையும் இலவசமாக இறக்கும். மழை வருமுன் ஓரடி தண்ணீரை வெளியேற்றிவிட்டு வானத்தை நிரப்ப விடுங்கள். முழுதாகக் காலி செய்வது மட்டும் வேண்டாம். நிலத்தடி நீர் ஏறியிருக்கும் நேரத்தில், அதுவும் கடற்கரைப் பக்கம், காலிக் குளம் அடிநீரின் அழுத்தத்தில் மேலே தூக்கிக்கொண்டு விரிசல் விடும்.

ஒரு வாரம் ஊருக்குப் போவதாக இருந்தால் டிசிசிஏ மாத்திரைக்கு வேலை வருகிறது. கிளம்பும் மாலை பிஎச்சைச் சரிசெய்து குளோரினை 5-க்கு ஏற்றுங்கள். மிதவையில் மாத்திரை போட்டு, படிக்கட்டில் ஒதுங்காதபடி கயிற்றால் நடுவில் கட்டுங்கள், ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் வெளுத்துவிடும். பம்ப் டைமரை 8 மணி நேரத்துக்கு வையுங்கள். திரும்பி வந்ததும் மிதவையை எடுத்துவிட்டு, பிள்ளைகள் ஓடி வருவதற்கு முன் ஒரு சோதனை.